பேரரசுச் சீனாவில் அயல் வரவுகள்: தங்கியவையும் தங்காமல் போனவையும்

சீனப் பேரரசு என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரங்கள் இரண்டு. ஒன்று, பெருஞ்சுவருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்ட நாடு. 1793இல் பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னி முன்வைத்த கோரிக்கைகளைச் சியன்லோங் பேரரசர் நிராகரித்தார். உங்கள் நாட்டுச் சரக்கு எதுவும் எங்களுக்கு அவசியமில்லை என்ற தொனியில் மூன்றாம் ஜார்ஜுக்குக் கடிதம் அனுப்பினார். ஒதுங்கிய சீனாவுக்கு இதையே சான்றாகக் காட்டுவார்கள். மற்றொன்று, எட்டாம் நூற்றாண்டின் சாங்ஆன் நகரம். பத்து லட்சம் பேர் வாழ்ந்த அந்தத் தாங் தலைநகரின் மேற்குச் சந்தையில் மத்திய ஆசியச் சோக்திய வணிகர்கள் கடை விரித்தார்கள். சமர்க்கந்து ஆடலும் கூச்சா நாட்டு இசையும் அரண்மனை வரை போயின. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்து, திறந்திருந்த நாடு படிப்படியாகக் கதவைச் சாத்திக்கொண்டது என்று கதை சொல்வது எளிது. பள்ளிப் பாடங்கள் அதைத்தான் சொல்கின்றன.

ஆய்வாளர்கள் இந்தக் கதையை விட்டு விலகி வெகுநாளாகிறது. மேற்குலகம் தட்டிய பிறகே சீனா விழித்தது என்ற ஜான் ஃபேர்பேங்கின் சட்டகத்தை 1984இல் பால் கோகன் வெளிப்படையாக மறுத்தார். அதற்கு முன்பே, 1963இல், எட்வர்ட் ஷேஃபர் தாங் காலத்து அயல் பொருள்களை மட்டுமே வைத்து ஒரு பெரிய நூல் எழுதியிருந்தார். வலேரி ஹேன்சன் 2000இல் தன் வரலாற்று நூலுக்குத் 'திறந்த பேரரசு' என்றே பெயரிட்டார். ஜோஆனா வேலி-கோகன் சிங் வம்ச அரண்மனையில் குவிந்திருந்த மேலைக் கருவிகளை எடுத்துக்காட்டி, சியன்லோங்கின் கடிதத்தை அப்படியே நம்பக் கூடாது என்றார். இந்த எழுத்துகளுக்குப் பிறகு 'மூடிய சீனா' என்ற சொல்லாட்சி நிற்காது. ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. கட்சி எதுவானாலும், பேரரசரின் மனப்போக்கே இங்கே அளவுகோலாகிவிடுகிறது. எந்த மன்னன் வரவேற்றான், எவன் விரட்டினான் என்று கணக்கெடுப்பதைக் காட்டிலும், வந்தவற்றில் எது தங்கியது, எது தங்கவில்லை என்று பார்ப்பது பயன் தரும். அப்படிப் பார்த்தால், அரசவையின் தயவில் மட்டும் வாழ்ந்தவை தயவு போனதும் மறைந்தன என்பதும், அரசவைக்கு வெளியே உள்ளூர் வாரிசுகளைப் பெற்றவை தடைகளையும் தாண்டி நின்றன என்பதும் தெரியவரும்.

தாங் காலத்திலிருந்தே தொடங்கலாம். திறந்த மனத்தின் பொற்காலம் என்று புகழப்படும் அந்த ஆட்சியில்தான் யுவான் சுவாங் அனுமதியில்லாமல் எல்லையைக் கடந்து இந்தியாவுக்குப் போனார். பயண அனுமதிச் சீட்டில்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாத நாடு அது. 645இல் ஏட்டுச் சுமைகளோடு அவர் திரும்பியபோது, அதே ஆட்சி அவரைக் கொண்டாடி வரவேற்றது, மொழிபெயர்ப்புக்குப் பொருளுதவியும் செய்தது. சட்டமும் இப்படி இருமுகம் கொண்டது. ஒரே நாட்டைச் சேர்ந்த இரு அயலார் தங்களுக்குள் வழக்கிட்டால் அவர்கள் வழக்கப்படி தீர்ப்பு. வெவ்வேறு நாட்டவர் மோதினால் தாங் சட்டப்படி தீர்ப்பு. குவாங்சோ துறைமுகத்தில் அயலாருக்குத் தனிக் குடியிருப்பு இருந்தது. இதைச் சகிப்பு என்றும் சொல்லலாம், ஒதுக்கிவைப்பு என்றும் சொல்லலாம். நிர்வாகத்துக்கு அது வசதியான ஏற்பாடு என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்த ஆட்சியில் இந்தியர்களுக்குக் கிடைத்த இடம் வியப்பூட்டும். கௌதமர், காசியபர், குமாரர் என்று மூன்று இந்திய வானியல் குடும்பங்கள் தாங் அரசவையில் பணியாற்றின. கௌதம சித்தர் வானியல் துறையின் தலைவராகவே இருந்தார். 718இல் நவக்கிரகக் கணிப்பு முறையைச் சீனத்தில் தந்தார். வெற்றிடத்தைப் புள்ளியால் குறிக்கும் இந்திய எண்முறையையும் விளக்கினார். பிறகு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அந்தப் புள்ளியைச் சீனக் கணக்கர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. சீனக் கணித நூல்களில் சுழியக் குறி இடம்பெற்றது 1247 வாக்கில்தான். அரசு அலுவலகத்தில் ஒரு குடும்பச் சொத்தாக அடைபட்ட அறிவு வெளியே பரவ வழியில்லை; கற்பிக்கப் பள்ளியும் இல்லை, கற்றவனுக்குப் பதவியும் இல்லை.

வெறுப்பும் அதே காலத்தில்தான் வளர்ந்தது. 755இல் கலகம் செய்த தளபதி அன் லுஷான் சோக்தியத் தந்தைக்கும் துருக்கியத் தாய்க்கும் பிறந்தவர். எட்டாண்டுப் போர் பேரரசின் முதுகெலும்பை முறித்தது. பழி அயலார் எல்லார் மேலும் விழுந்தது. 760இல் யாங்சோவில் அரபு, பாரசீக வணிகர்கள் ஆயிரக்கணக்கில் படையினரால் கொல்லப்பட்டார்கள். 836இல் குவாங்சோ ஆளுநர் சீனருக்கும் அயலாருக்கும் இடையே மண உறவையும், அயலார் நிலம் வாங்குவதையும் தடுத்தார். 879இல் அதே நகரைப் பிடித்த ஹுவாங் சாவோவின் கலகப்படை அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் கொன்று குவித்தது. சாங்ஆனின் ஆடல்பாடலை வருணிக்கும் நூல்கள் இந்த இரண்டாம் பாதியைப் பெரும்பாலும் அவசரமாகக் கடந்துபோகின்றன.

சமயங்களின் கதையில்தான் நம் அளவுகோல் நன்கு சோதிக்கப்படுகிறது. பார்த்திய நாட்டு அன் ஷிகாவோ லுவோயாங்குக்கு வந்தது 148இல். குமாரஜீவர் சாங்ஆன் சேர்ந்தது 401இல். பாகியான் இந்தியாவுக்குப் புறப்பட்டது அதற்குச் சற்று முன்பு, 399இல். தென்னிந்தியாவிலிருந்து கடல்வழி சென்ற வஜ்ரபோதி எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாந்திரிக பௌத்தத்தைத் தாங் அரசவைக்குக் கொண்டுபோனார். போதிதருமர் காஞ்சி இளவரசர் என்பது வேறு கணக்கு. அது மரபுக்கதை, சான்று மெலிந்தது, ஆனால் நம்மூரில் அதைத்தான் முதலில் சொல்வார்கள். இத்தனை பேர் கொண்டுவந்த பௌத்தம் 845இல் பேரிடியைச் சந்தித்தது. தாவோ நெறியில் ஆழ்ந்திருந்த வூசோங் பேரரசர் 4,600 மடங்களை மூட வைத்தார்; 2,60,500 துறவியர் இல்லறத்துக்குத் திருப்பப்பட்டார்கள்; மடத்து அடிமைகள் ஒன்றரை லட்சம் பேர் வரிப்பதிவேட்டில் ஏறினார்கள்; வெண்கலச் சிலைகளும் மணிகளும் காசாக உருகின. புத்தர் அயல்நாட்டார் என்ற வாதத்தை 819லேயே ஹான் யூ எழுப்பியிருந்தார். அதற்காகத் தலைநகரிலிருந்து விரட்டப்பட்டார். 845இல் அந்த வாதத்துக்குச் செவி கிடைத்ததற்கு, வரி கட்டாத நிலங்களும் பதிவேட்டில் வராத ஆட்களும் பெரிய காரணம். கஜானா காலியாக இருந்தது.

மறு ஆண்டே பேரரசர் இறந்தார், அடுத்தவர் தடையைத் தளர்த்தினார், பௌத்தம் மீண்டது. பெரிய மடங்கள் பழைய செல்வத்தை எட்டவில்லை. ஆனால் ஈமச் சடங்கிலும் ஏழாம் மாத முன்னோர் விழாவிலும் அமிதாபர் நாமச் செபத்திலும் ஊர்ச் சங்கங்களிலும் பௌத்தம் ஏற்கெனவே குடிகொண்டிருந்தது. நிலத்தில் தாமே உழைத்து உண்ணும் சான் (ஜென்) மடங்கள் புரவலர் இல்லாமலே நின்றன. அவலோகிதேசுவரர் சோங் காலத்துக்குள் பெண் உருக் கொண்டு குவான்யின் ஆனார். அவர் அயல்நாட்டார் என்று எந்தச் சீனத் தாயும் நினைக்கவில்லை. லாவோ ட்சு மேற்கே போய்ப் புத்தராக மாறினார் என்று தாவோ நெறியினர் முன்பே ஒரு கதை கட்டியிருந்தார்கள். பௌத்தத்தை மட்டம் தட்ட எழுந்த அந்தக் கதை, அதற்கு ஒரு சீனப் பூர்வீகத்தையும் சேர்த்தே வழங்கிவிட்டது. சீனா 'இந்தியமயமான' வரலாற்றை 1930களில் எழுதிய ஹூ ஷி, பௌத்தப் பரவலைக் கசப்போடு பார்த்தார். அவர் கசப்பை நாம் ஏற்க வேண்டியதில்லை, பரவலின் ஆழத்தை அவர் சரியாகவே அளந்தார்.

அதே 845 ஆணை கீழைத் திருச்சபைக் கிறிஸ்தவத்துக்கு முடிவுரை எழுதியது. அலோபென் என்பவர் 635இல் சாங்ஆன் வந்தபோது தாய்சோங் பேரரசரே ஆதரவளித்தார். 781இல் நாட்டிய கல்வெட்டில் அந்தச் சபை தன் வளர்ச்சியைச் சீனத்திலும் சிரியாக்கிலும் பெருமையோடு பொறித்தது. அதைப் படித்தால் பேரரசர்களின் பெயர்கள்தாம் வரிசையாக வருகின்றன. ஆனால் குருமார்களில் பலர் மேற்கிலிருந்து வந்தவர்கள். 980களில் சீனா போய்த் திரும்பிய ஒரு துறவி, அங்கே கிறிஸ்தவரே இல்லை என்று பாக்தாத் நூலோர் இப்னு அல்-நதீமிடம் சொன்னார். மங்கோலியர் காலத்தில் அந்தச் சபை மறுபடி வந்தது, மங்கோலியரோடு மறுபடி போனது. பாரசீகத்தில் பிறந்த மானி சமயத்தின் விதி வேறு. அதற்கும் அரசவை ஆதரவு போயிற்று. ஆனால் அது ஃபூஜியன் கிராமங்களில் இறங்கி உருமாறி வாழ்ந்தது. சுவான்சோ அருகே சாவோ ஆன் கோயிலில் 1339இல் செதுக்கிய மானியின் உருவம் இன்றும் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதைப் புத்தராகவே கும்பிட்டு வந்தார்கள்.

சுவான்சோ என்றால் தமிழர் காது நிமிரும். சோழத் தூதுகள் 1015, 1033, 1077 ஆண்டுகளில் சோங் அரசவைக்குப் போயின. 1087இல் சுவான்சோவில் கடல்வணிக அலுவலகம் திறந்தது. 1281இல் அங்கே ஒரு சிவன் கோயில் எழுந்தது. அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியக் கான் நலமாக இருக்க வேண்டிச் சம்பந்தப் பெருமாள் என்பவர் எழுப்பிய அக்கோயிலின் கல்வெட்டு தமிழில் இருக்கிறது, அடியில் சீன எழுத்தும் உண்டு. இன்று அந்தக் கோயில் இல்லை. அதைச் சேர்ந்தவை என்று கருதப்படும் தூண்கள் கையுவான் பௌத்தக் கோயிலில் நிற்கின்றன. நரசிம்மரையும் கண்ணனையும் அங்கே பார்க்கலாம். 1357 முதல் 1366 வரை நடந்த இஸ்பா கலகம் அயல் வணிகர் குடியிருப்பைச் சிதைத்தது. பருவக்காற்றோடு வந்துபோன தமிழ் வணிகருக்கு அங்கே நிலைத்த சந்ததி இருக்கவில்லை. அதே ஊரில் 1009இல் எழுந்த மசூதி இன்றும் மசூதியாகவே இருக்கிறது. முஸ்லிம்கள் அங்கே மணமுடித்து, நிலம் வாங்கி, சீனப் பெயர் சூடினார்கள். நம்மவர் புகழ் பாடும்போது இந்த வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

மிங் வம்சத்தை நிறுவிய ஹொங்வூ மங்கோலிய உடையைத் தடை செய்தார். மங்கோலியரும் மேற்காசியரும் தங்கள் இனத்துக்குள் மணக்கக் கூடாது, சீனரையே மணக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். அயல்தன்மையைக் கரைத்துவிடும் நோக்கம் அதில் தெளிவு. ஆனால் சீன மொழி பேசும் முஸ்லிம் சமூகம் உறுதிப்பட அதே மண உறவுகள் உதவின. 17ஆம் நூற்றாண்டில் வாங் தாய்யூவும் அவருக்குப் பின் லியூ ஷியும் கன்ஃபூசியச் சொற்களாலேயே இஸ்லாத்தை விளக்கி நூல்கள் எழுதினார்கள். லியூ ஷியின் ஒரு நூல் சியன்லோங் காலப் பேரரசு நூற்பட்டியலிலும் குறிப்பிடப்பட்டது. இதை இன்பமான முடிவாகக் காட்டிவிட முடியாது. 1856இல் யுன்னானிலும் 1862இல் வடமேற்கிலும் வெடித்த முஸ்லிம் கிளர்ச்சிகளை அரசு பெரும் உயிர்ச்சேதத்தோடு அடக்கியது. சமயம் மட்டும் அழியவில்லை.

என் அளவுகோலுக்கு எதிர்ச்சான்று ஒன்றும் உண்டு. கைஃபெங் யூதர்கள் 1163இல் தொழுகைக் கூடம் கட்டினார்கள், அரசுத் தேர்வெழுதி அதிகாரிகளானார்கள், சீனத்தில் கல்வெட்டுகள் பொறித்தார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை. இருந்தும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் எபிரேயம் வாசிக்க ஆளில்லாமல், கூடமும் இடிந்து, சமூகம் கரைந்தது. வாரிசு இருந்தால் போதாது; எண்ணிக்கையும், மறைநூலைக் கற்பிக்கும் ஏற்பாடும் வேண்டும்.

பொருள்களின் கதையில் அரசவைக்குப் பங்கு குறைவு. மடக்கு முக்காலி இரண்டாம் நூற்றாண்டிலேயே வடமேற்கிலிருந்து வந்து லிங்தி பேரரசரைக் கவர்ந்தது. ஆனால் தரையில் பாய் விரித்து அமர்ந்த மக்கள் முழுமையாக நாற்காலிக்கு ஏறச் சோங் காலம் வரை, கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டு ஆனது. மேசை, சமையல், உடை, வீட்டின் உயரம் எல்லாம் அதற்கேற்ப மாறின. எந்த ஆணையும் இதற்குத் தேவைப்படவில்லை. தாங்கிடம் கடன் வாங்கிய ஜப்பான் பாயிலேயே தங்கிவிட்டது. பயிர்களில் ஒரு முறை அரசு முந்திக்கொண்டது: 1012இல் வறட்சி கண்ட சென்சோங் பேரரசர், ஃபூஜியனில் ஏற்கெனவே விளைந்துகொண்டிருந்த சம்பா நாட்டு நெல்லை வரவழைத்து யாங்சே பகுதி உழவருக்குக் கொடுத்தார். இந்தச் சம்பா இன்றைய வியட்நாமில் இருந்த அரசு. விரைவில் விளையும், வறட்சி தாங்கும் அந்த நெல் இருபோகச் சாகுபடிக்கு வழி வகுத்தது. 1593இல் சர்க்கரைவள்ளிக் கொடியை லூசோனிலிருந்து ஃபூஜியனுக்குக் கொண்டுவந்தவர் சென் சென்லோங் என்ற வணிகர். மக்காச்சோளமும் நிலக்கடலையும் மிளகாயும் அதே மிங் பிற்காலத்தில் வந்தன. நெல் ஏறாத மலைச்சரிவுகளில் வள்ளியும் மக்காச்சோளமும் ஏறின. 1700 வாக்கில் பதினைந்து கோடி என்று மதிப்பிடப்படும் மக்கள்தொகை நூறாண்டில் முப்பது கோடியை எட்டியதற்கு இந்தப் பயிர்களும் ஒரு காரணம். புகையிலையை மிங் அரசு 1639இல் தடை செய்து பார்த்தது, பலிக்கவில்லை. மூடிய காலம் என்று நாம் சொல்லும் நூற்றாண்டுகளில்தான் சீனர் சாப்பாட்டுத் தட்டு அடியோடு மாறியது. மிளகாய் இல்லாத சிச்சுவான் சமையலை இன்று யார் நினைப்பார்?

அறிவுத்துறைக்கு வந்தால் நிலைமை தலைகீழ். இங்கே அரசவை தாராளம் காட்டியது, வெளியே வேர் பிடிக்கவில்லை. 1271இல் குப்ளாய் கான் இஸ்லாமிய வானியலுக்கென்று தனி அலுவலகம் நிறுவினார். அது சிங் ஆட்சியின் தொடக்கம் வரை நீடித்தது. சீன வானியல் அலுவலகம் பக்கத்திலேயே இயங்கியும், இரண்டும் சமன்பாடுகளைப் பெரிதாகப் பரிமாறிக்கொள்ளவில்லை. ஏசு சபையினர் அதே இடத்தைப் பிடித்தார்கள். மத்தேயோ ரிச்சி 1601இல் பெய்ஜிங் சேர்ந்தார். 1602இல் உலக வரைபடம் வெளியிட்டார். ஷூ குவாங்சியோடு சேர்ந்து யூக்ளிடின் முதல் ஆறு பாகங்களை 1607இல் சீனமாக்கினார். ஆடம் ஷால் சிங் ஆட்சியில் வானியல் துறைத் தலைவரானார். 1664இல் யாங் குவாங்சியன் தொடுத்த வழக்கில் ஷாலுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, நிலநடுக்கம் வந்ததால் கைவிடப்பட்டது. சீனக் கிறிஸ்தவ வானியலர் ஐவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பின்னர் இளம் காங்ஷி பேரரசர் நிழல் அளவுப் போட்டி வைத்தார். ஏசு சபையின் வெர்பீஸ்ட் வென்றார். காங்ஷி வடிவியல் கற்றார், 1692இல் கிறிஸ்தவத்துக்கு அனுமதியும் தந்தார்.

அந்த உறவு முறிந்தது முன்னோர் வழிபாட்டுச் சிக்கலில். கன்ஃபூசியருக்கும் முன்னோருக்கும் செய்யும் சடங்கு சமயமல்ல, மரியாதை என்றார் ரிச்சி. 1704இலும் 1715இலும் ரோம் அதை மறுத்தது. சீனக் குடிகள் தம் வீட்டில் எப்படி வணங்குவது என்று தொலைவிலிருந்து ஒருவர் தீர்ப்பளிப்பதைக் காங்ஷியால் ஏற்க முடியவில்லை. அவர் மகன் 1724இல் சமயப் பரப்பலைத் தடை செய்தார். குருமார் இல்லாமலும் கிராமக் கத்தோலிக்கர் மறைவாகத் தொடர்ந்தார்கள். 1800 வாக்கில் அவர்கள் இரண்டு லட்சம் பேர் என்பது வழக்கமான மதிப்பீடு. யூக்ளிடுக்கோ அப்படிப்பட்ட கிராமம் கிடைக்கவில்லை. மெய் வென்திங் போன்ற சிலர் ஆழமாகக் கற்றார்கள். மேலைக் கணிதம் ஆதியில் சீனாவிலிருந்து போனதே என்று காங்ஷி காலத்தில் ஒரு கொள்கை பரவியது. லாவோ ட்சு கதையின் மறுபதிப்பு அது. ஆனால் மீதி ஒன்பது பாகங்கள் 1857இல்தான் லி ஷான்லான், வைலி இருவர் கையால் சீனத்துக்கு வந்தன. இடையே 250 ஆண்டு.

இந்த இடைவெளிக்குப் பேரரசர்களின் ஆணவத்தைக் காரணம் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. காரணம் தேர்வு மண்டபத்தில் இருக்கிறது. படித்தவன் முன்னேற ஒரே பெருவழி அரசுத் தேர்வு. அதற்குக் கன்ஃபூசிய அறிஞர் சூ ஷியின் உரைகளே அதிகாரப்பூர்வப் பாடம் என்று 1313இல் முடிவாயிற்று. முடிவெடுத்தது மங்கோலிய அரசு! அயலார் ஆண்ட காலத்தில் பிறந்த இந்த ஏற்பாட்டை மிங் வம்சத்தாரும் மஞ்சூரியரான சிங் வம்சத்தாரும் காப்பாற்றினார்கள். வடிவியலோ அரபு வானியலோ மதிப்பெண் தராத இடத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அதில் ஏன் காலத்தைச் செலவிடுவார்கள்?

சிங் ஆட்சியாளர்களே அயலார்தாம் என்பது தனி விவாதம். மஞ்சூரியர் தம் தனித்தன்மையைக் காத்தே ஆண்டார்கள் என்று 1996இல் ஈவ்லின் ராவ்ஸ்கி வாதிட, சீனமயமானதாலேயே நிலைத்தார்கள் என்று 1998இல் ஹோ பிங்-டி காட்டமாகப் பதிலளித்தார். அரண்மனை ஐந்து மொழி அகராதி தொகுத்ததைப் பார்க்கும்போது ராவ்ஸ்கி பக்கமே என் சாய்வு. வன்முறையால் திணித்ததும் காலப்போக்கில் சொந்தமாகும் என்பதற்கும் அந்த ஆட்சியே சாட்சி. 1645இல் தலை போகும் என்று மிரட்டி விதித்த மஞ்சூரியப் பின்னலை, 1911 புரட்சிக்குப் பின் வெட்டச் சொன்னபோது பல சீனர் மறுத்து அழுதார்கள்.

1842இல் முதல் அபினிப் போர் முடிந்த பிறகு அயல் வரவு பீரங்கிக் கப்பலோடு வந்ததால் கேள்வியே மாறிவிட்டது. மேலைநாடுகள் பற்றி வெய் யுவான் 1840களில் தொகுத்த பெருநூலைச் சீன அதிகாரிகளைவிட ஜப்பானியர் ஊன்றிப் படித்தார்கள். 1872 முதல் 120 சிறுவர்கள் அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பப்பட்டார்கள். சீனத்தன்மையை இழக்கிறார்கள் என்ற புகார் எழ, 1881இல் படிப்பு முடியுமுன்பே திரும்ப அழைக்கப்பட்டார்கள். சீனக் கல்வி அடிப்படை, மேலைக் கல்வி பயன்பாட்டுக்கு என்ற சாங் சிதோங்கின் 1898ஆம் ஆண்டு வாய்பாட்டைப் பலர் சமரசமாகப் பாராட்டுகிறார்கள். பழைய தேர்வை வைத்துக்கொண்டே புதிய அறிவை அரசு அலுவலகத்தில் பூட்டிவைக்கும் கௌதம சித்தர் காலத்து ஏற்பாடுதான் அதன் உட்பொருள் என்பேன். சாங் சிதோங்கே அதை உணர்ந்திருக்க வேண்டும். தேர்வு முறையை ஒழிக்கக் கோரி விண்ணப்பித்தவர்களில் அவரும் ஒருவர். 1905 செப்டம்பரில் அது ஒழிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான சீன மாணவர்கள் ஜப்பானியப் பள்ளிகளில் சேர்ந்து இயற்பியலும் சட்டமும் மருத்துவமும் படித்தார்கள். 1912 பிப்ரவரியில் கடைசிப் பேரரசர் முடி துறந்தார்.